பெருங்குடல் புற்றுநோய் பரவலுக்கு எந்த எலி மாடல்? மின் (Min) எலியில் கட்டி வருகிறது, கல்லீரலுக்குப் போகவே இல்லை

#1 செங்காந்தள்

எல்லோருக்கும் வணக்கம். நான் பிஎச்டி இரண்டாம் ஆண்டு. எங்கள் ஆய்வகம் சில வருடமாக ஒரு புரதத்தின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. பெருங்குடல் புற்றுநோயாளிகளின் கட்டியில் அது கூடுதலாக இருக்கிறது. கல்லீரலுக்குப் பரவியவர்களிடம் இன்னும் கூடுதல். அதுதான் பரவலுக்குக் காரணமா, இல்லை பரவலோடு கூடவே வரும் வெறும் அடையாளமா என்பது என் தீசிஸ் கேள்வி.

எங்கள் அனிமல் ஹவுஸில் ஏற்கெனவே மின் எலிகள், அதாவது மரபணுக் கோளாறால் குடலில் தானாகவே கட்டி வரும் எலிகள், இருந்தன. அதிலேயே தொடங்கினோம். நாலாவது மாதம் எலிகளின் பாதம் வெளுத்துவிட்டது. கையில் எடுத்தால் எடையே இல்லை. அறுத்துப் பார்த்தால் சிறுகுடல் நெடுகிலும் மணி கோத்த மாதிரி பாலிப்புகள், அதாவது குடல் சுவரில் முளைக்கும் சிறு கட்டிகள். கல்லீரலைத் துண்டு துண்டாக வெட்டி நுண்ணோக்கியில் தேடினேன். ஒன்றும் இல்லை. நுரையீரல், நிணநீர் முடிச்சு எதிலும் இல்லை. எட்டு மாத வேலை போய்விட்டது.

கைடு இப்போது, “சிடி26 செல்லை (ஆய்வகத்தில் வளர்க்கும் எலிப் பெருங்குடல் புற்றுச் செல்) மண்ணீரலில் போடு, மூன்று வாரத்தில் கல்லீரலில் கட்டி வந்துவிடும்” என்கிறார். வரும், தெரியும். ஆனால் செல்லை நானே கல்லீரல் வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அது பரவியது என்று எப்படி எழுதுவேன்? மாதக் கடைசியில் எத்திக்ஸ் கமிட்டி. யாராவது வழி சொல்லுங்கள்.

#2 மருதன்

உங்கள் எட்டு மாதம் வீண் இல்லை. மின் எலி தனக்குத் தெரிந்ததைத்தான் செய்திருக்கிறது.

அது வந்த கதை தெரிந்தால் வருத்தம் குறையும். விஸ்கான்சினில் மோசர், பிடோட், டவ் மூவரும் 1990-ல் எழுதினார்கள். மரபணுவைக் கெடுக்கும் ஈஎன்யூ என்ற வேதிப்பொருளைக் கொடுத்து எலிகளின் வாரிசுகளைக் கவனித்தபோது, ஒரு குடும்பத்தில் வளர்ந்த எலிகளுக்கு ரத்தசோகை வந்துகொண்டே இருந்தது. குடலைத் திறந்தால் நீங்கள் பார்த்த அதே காட்சி. பிறகு அது ஏபிசி மரபணுவில் 850-வது இடத்தில் வந்த கோளாறு என்று தெரிந்தது. மனிதர்களில் குடும்பம் குடும்பமாகப் பெருங்குடல் நிறைய பாலிப் வரும் நோய்க்கும் ஏபிசிதான் காரணம். அதனால் கட்டி எப்படித் *தொடங்குகிறது* என்று படிக்க அந்த எலியைப் போல ஒன்று கிடையாது.

ஆனால் மூன்று சிக்கல். ஒன்று, கட்டி பெரும்பாலும் சிறுகுடலில் வருகிறது, மனிதனுக்கோ பெருங்குடலில். இரண்டு, பாலிப்புகள் எண்ணிக்கையில் அதிகம், ரத்தம் கசிந்து கசிந்து எலி நாலைந்து மாதத்தில் செத்துவிடும். ஒரு கட்டி முற்றிச் சுவரைத் துளைத்து வெளியே போக வேண்டிய காலம் அதற்குக் கிடைப்பதே இல்லை. மூன்று, ஏபிசி ஒன்று போனால் பாலிப்தான் வரும். ஃபியரனும் வோகல்ஸ்டைனும் அதே 1990-ல் சொன்னது நினைவிருக்கும்: பாலிப் முற்றிப் புற்றாக, அடுத்தடுத்துப் பல மரபணுக்கள் கெட வேண்டும். இன்று நாம் வழக்கமாகச் சொல்லும் வரிசை ஏபிசி, கேராஸ், எஸ்மேட்4, பி53. உங்கள் எலி முதல் படியில் நிற்கிறது.

ஏஓஎம், டிஎஸ்எஸ் என்ற இரண்டு வேதிப்பொருள் கொடுத்துப் பெருங்குடலில் அழற்சியும் கட்டியும் வரவழைக்கும் எலியும் இப்படித்தான், யாராவது அதைச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அழற்சியோடு வரும் கட்டிக்கு அது அருமை. கட்டியும் மனிதனைப் போலப் பெருங்குடலின் கடைப்பகுதியில் வரும். பரவுவது மிக அரிது.

அப்புறம் மண்ணீரல் ஊசி. உங்கள் சங்கடம் நியாயமானது, ஆனால் அதை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். பரவல் என்பது ஒரே நிகழ்ச்சி இல்லை. செல் கட்டியிலிருந்து கழன்று, சுவரைத் துளைத்து, ரத்தக்குழாயில் நுழைந்து, ஓட்டத்தில் பிழைத்து, கல்லீரலில் ஒட்டி, அங்கே முளைத்து வளர வேண்டும். மண்ணீரலின் சிரை, குடலின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் நேராகச் சேர்வதால், ஊசி போட்ட சில நிமிடத்தில் செல்கள் கல்லீரலுக்குப் போய்விடும். முதல் மூன்று படிகளை அந்த மாடல் தாண்டிவிடுகிறது, கடைசி மூன்றைக் காட்டுகிறது. அந்தக் கடைசிப் படிகள் சாதாரணமானவை இல்லை. ஐசாயா ஃபிட்லர் 1970-ல் கதிரியக்க அடையாளம் போட்ட மெலனோமா (ஒரு தோல் புற்று) செல்களை எலியின் ரத்தத்தில் விட்டுப் பார்த்தார். ஒரு நாள் கழித்து உயிரோடு இருந்தவை 1 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு வாரத்தில் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. அந்த மிச்சம்தான் கட்டியாகிறது.

எனவே எந்த எலி என்று கேட்பதற்கு முன், உங்கள் புரதம் எந்தப் படியில் வேலை செய்வதாக நினைக்கிறீர்கள்? அதைச் சொல்லுங்கள், எலியைப் பிறகு பேசுவோம்.

#3 அறுவை_அறை

நான் எலியைத் தொட்டவன் இல்லை, குடல் அறுவை மருத்துவன். மனிதர்களில் பார்ப்பதைச் சொல்கிறேன், பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெருங்குடலின் ரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. அதனால் முதலில் தேடும் இடம் கல்லீரல். மலக்குடலின் கீழ்ப்பகுதி வேறு. அங்கிருந்து ஒரு பங்கு ரத்தம் கல்லீரலைத் தொடாமல் உடலின் பொதுச் சிரைக்குப் போய்விடும். அதனால் அந்த நோயாளிகளில் சிலருக்குக் கல்லீரல் சுத்தமாக இருக்கும்போதே நுரையீரலில் புள்ளி தெரியும். வால் சிரையில் ஊசி போட்டு நுரையீரலில் வரும் கட்டியை எண்ணி “பெருங்குடல் புற்றுப் பரவல்” என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு இதுதான் தோன்றும். அந்தச் செல் குடலையே பார்த்ததில்லையே.

இன்னொன்று. என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு முதல் கட்டியை முழுதாக எடுத்துவிடுகிறோம். விளிம்பு சுத்தம், ஸ்கேன் சுத்தம், வீட்டுக்குப் போகிறார்கள். ஒன்றரை வருடம் கழித்து ரத்தத்தில் சிஇஏ என்ற புற்று அடையாளப் புரதம் ஏறும், ஸ்கேனில் கல்லீரலில் ஒரு புள்ளி. அந்தச் செல் அறுவைக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. முதல் கட்டி உடம்பில் இருக்கும்போதே எலியைக் கொன்று எண்ணும் ஆய்வு, என் நோயாளியின் நிலைமையைக் காட்டுவதில்லை. கட்டியை எடுத்துவிட்டுக் காத்திருக்கும் எலி மாடல் ஏதாவது உண்டா?

#4 நுண்குடல்

உண்டு டாக்டர். பார்சிலோனாவில் பட்லேயின் குழு 2022-ல் அதையே செய்தது. எலியின் சீக்கத்தில் கட்டியை வளரவிட்டு, பிறகு அறுவை செய்து அதை எடுத்துவிட்டு, கல்லீரலில் எஞ்சி நின்ற செல்களைத் தேடினார்கள். அந்த மிச்சச் செல்கள் ஈஎம்பி1 என்ற மரபணுவை வெளிப்படுத்துபவை என்று கண்டார்கள். அறுவைக்கு *முன்பே* நோயெதிர்ப்பு மருந்து கொடுத்தபோது மறுபடி நோய் தலைகாட்டுவதைத் தடுக்க முடிந்தது. சீக்கம் என்றால் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இருக்கும் பை. நமக்கு அது சின்னது, எலிக்கு வயிற்றுக்குள் கணிசமான இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

செங்காந்தள், நான் ஆர்கனாய்டு (தட்டில் வளர்க்கும் குட்டி உறுப்பு) வேலை செய்கிறேன், அதனால் என் பக்கச் சாய்வு இருக்கும். ஆனால் நீங்கள் கேட்பதற்கு இன்று நேரான விடை ஆர்கனாய்டைக் குடலிலேயே வைப்பதுதான். 2009-ல் சாட்டோவும் கிளெவர்ஸும் எல்ஜிஆர்5 அடையாளம் உள்ள ஒற்றைக் குடல் தண்டுச்செல்லிலிருந்து குடலைத் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். 2015-ல் இரண்டு குழுக்கள் ஆரோக்கியமான மனிதக் குடல் ஆர்கனாய்டில் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் மருதன் சொன்ன அந்த மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்தன. 2017-ல் அப்படிப்பட்ட ஆர்கனாய்டுகளை எலியின் சீக்கச் சுவரில் வைத்தபோது, நான்கும் கெட்டவை கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் *தாமாகவே* பரவின. மருதன் சொன்ன வரிசை எலியில் நிரூபணமான இடம் அது.

அந்த எலிகளுக்கு நோயெதிர்ப்பு கிடையாது என்பது குறை. 2018-ல் பட்லே குழு அதைச் சரிசெய்தது. ஏபிசி, கேராஸ், டிஜிஎஃப்-பீட்டா ஏற்பி, பி53 நான்கும் குடல் தண்டுச்செல்லில் கெடும்படி எலியை உருவாக்கி, அதில் வந்த கட்டியிலிருந்து ஆர்கனாய்டு எடுத்து, அதே இன எலிக்கு, அதாவது நோயெதிர்ப்பு முழுதாக உள்ள எலிக்கு மாற்றினார்கள். கல்லீரலில் பரவியது. அந்தக் கட்டிகளைச் சுற்றி டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் வேலிபோல நின்று, புற்றைத் தாக்கும் நோயெதிர்ப்பு டி செல்களை உள்ளே விடவில்லை. அதைத் தடுத்ததும் டி செல்கள் உள்ளே போயின. அந்தத் தடுப்புக்குப் பிறகுதான் நோயெதிர்ப்பு மருந்தும் வேலை செய்தது. வழக்கமாக மனிதக் கட்டி வளர்க்கும் நியூட் எலியில் இந்தச் செய்தியே வெளிவந்திருக்காது, அதற்கு டி செல்லே இல்லையே.

#5 தறிக்குழி

நான் இந்தத் துறை இல்லை, நெசவு. அப்பாவுக்குப் பெருங்குடல் புற்று, கல்லீரலில் இரண்டு இடம். கீமோ நடக்கிறது. தேடித்தேடி இந்த இழைக்கு வந்தேன், பாதி புரியவில்லை, ஆனாலும் முழுதும் படித்தேன்.

ஒரு கேள்விதான். “எலியில் புற்றுநோய் பரவலைத் தடுத்த மருந்து” என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. அம்மா ஒவ்வொன்றையும் எனக்கு அனுப்புகிறார். அதெல்லாம் ஏன் அப்பா வரைக்கும் வருவதில்லை?

#6 மருதன்

தம்பி, முதலில் அப்பாவுக்கு நல்லபடியாக ஆகட்டும். இரண்டு இடம் மட்டும் என்றால் கல்லீரல் அறுவை பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டீர்களா? கேட்கவில்லை என்றால் கேளுங்கள். அறுவை_அறை டாக்டர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

உங்கள் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு காரணம், எலிக்கு மருந்து கொடுக்கும் நேரம். 1990-களில் எம்எம்பி தடுப்பான்கள் என்று ஒரு வகை மருந்து இருந்தது. புற்றுச் செல் தன்னைச் சுற்றியுள்ள திசுவை அரித்துக்கொண்டு வெளியேற எம்எம்பி என்சைம்கள் உதவுகின்றன, அவற்றை அடைத்தால் பரவாது என்பது யோசனை. எலியில் நன்றாக வேலை செய்தது. எப்போது? நோய் சின்னதாக இருக்கும்போது. மனிதச் சோதனையில் மருந்து கிடைத்ததோ ஏற்கெனவே உடம்பெல்லாம் பரவியவர்களுக்கு. பெரிய சோதனைகள் அடுத்தடுத்துத் தோற்றன, நோயாளிகளுக்கு மூட்டு வலிதான் மிச்சம். எலி பொய் சொல்லவில்லை. ஓட்டைக் கதவைப் பூட்டினால் திருடன் வரமாட்டான் என்று எலி சொன்னது, நாம் திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு பூட்டினோம்.

ஆனால் ஒன்றுமே வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெவாசிசுமாப் என்ற மருந்தின் முன்னோடியான எதிர்ப்புரதம் 1993-ல் எலியில் மனிதக் கட்டிகளின் வளர்ச்சியை, ரத்தக்குழாய் உருவாவதைத் தடுத்து அடக்கியது. பெவாசிசுமாபுக்கு 2004-ல் பரவிய பெருங்குடல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கீமோவோடு சேர்த்தபோது சராசரி ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதம் ஆனது. (ஒருவேளை அப்பாவின் மருந்துச் சீட்டிலும் இந்தப் பெயர் இருக்கலாம், இல்லை என்றால் அதற்கும் காரணம் இருக்கும், டாக்டரிடம் கேளுங்கள்.) அதே மருந்தை அறுவைக்குப் பிறகு, நோய் திரும்பாமல் இருக்க என்று கொடுத்தபோது பலன் இல்லை. கண்ணுக்குத் தெரியும் கட்டியும் ஒளிந்திருக்கும் நாலு செல்லும் ஒன்றில்லை என்று அதில்தான் எல்லோரும் படித்தோம்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை இத்தாலியில் டூரின் பக்கம் நடந்தது. நோயாளிகளின் கல்லீரலில் பரவிய கட்டியையே துண்டு துண்டாக எலிகளுக்குள் வளர்த்தார்கள். பெருங்குடல் புற்றுக்குக் கொடுக்கும் செடுக்சிமாப் என்ற மருந்து வேலை செய்ய வேண்டிய சில கட்டிகளில் வேலை செய்யவில்லை. பார்த்தால் அவற்றில் ஹெர்2 மரபணு பெருகியிருந்தது, அதாவது மார்பகப் புற்றில் நாம் கேள்விப்படும் அதே ஹெர்2. எலியில் ஹெர்2-க்கு இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் கட்டி சுருங்கியது. அதை நம்பி மனிதச் சோதனைக்குப் போனார்கள். 914 பேரைச் சோதித்து, 48 பேரிடம் ஹெர்2 இருப்பதைக் கண்டு, 27 பேருக்குக் கொடுத்தார்கள். 8 பேருக்குக் கட்டி சுருங்கியது. எல்லா மருந்தும் தீர்ந்துபோனவர்கள் அவர்கள். 2011-ல் எலி, 2016-ல் மனிதர். எலி ஒழுங்காகக் கேட்கப்பட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லும்.

#7 அறுவை_அறை

தறிக்குழி, இரண்டு இடம் என்றால் அவை கல்லீரலில் எங்கே இருக்கின்றன, மீதிக் கல்லீரல் எவ்வளவு நிற்கும் என்பதுதான் கேள்வி. உங்கள் ஆன்காலஜிஸ்டிடம் “கல்லீரல் சர்ஜன் ஒருவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டாரா” என்று அப்படியே கேளுங்கள். ஹெர்2, கேராஸ், எம்எஸ்ஐ சோதனை முடிவுகளின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

#8 தறிக்குழி

நாளைக்கே கேட்கிறேன் டாக்டர். மருதன் அண்ணா, நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

#9 செங்காந்தள்

மருதன் அண்ணா, நீங்கள் கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். புரதம் இல்லாத செல் தட்டில் நன்றாகவே வளர்கிறது, ஆனால் ஜெல்லைத் துளைத்து நகர்வதில்லை. அப்படியென்றால் எங்கள் புரதம் முதல் படிகளில், வெளியேறும் இடத்தில் இருக்கிறது. மண்ணீரல் ஊசியில் அந்தப் படியே இல்லை. நான் அதை மட்டும் செய்திருந்தால், “வித்தியாசம் இல்லை” என்று வந்து, புரதத்தையே கைவிட்டிருப்போம்.

நுண்குடல் அக்கா, ஆர்கனாய்டு வளர்க்கும் செலவு எங்களுக்குக் கட்டாது. சிடி26-ஐயே சீக்கச் சுவரில் போடலாம் என்று பார்க்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு சிறு முன்சோதனையில் 12 எலிக்குச் சீக்க ஊசி போட்டேன். மூன்று வாரத்தில் 9 எலியின் வயிற்றுக்குள் எங்கும் வெள்ளை மணிகள். குடலுறை, உதரவிதானம், கல்லீரல் மேல், எல்லா இடத்திலும். “இவ்வளவு பரவல்” என்று குதித்தேன், படம் எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். பிறகு ஒரு சீனியர் அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார், “ஊசியை எடுத்ததும் ஏதாவது கசிந்ததா?” கசிந்தது. துடைத்துவிட்டேன். அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை.

#10 கூண்டுக்காரர்

அம்மா, இதைச் சொன்னதற்கு முதலில் வாழ்த்து. நான் கால்நடை மருத்துவன், அனிமல் ஹவுஸ் பொறுப்பில் பல வருடம். இந்தக் கசிவை “பரவல்” என்று எண்ணியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், சொன்னவர்களைக் குறைவாகப் பார்த்திருக்கிறேன்.

வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சிந்திய செல் கல்லீரலின் *மேற்பரப்பில்* ஒட்டி வெளியிலிருந்து உள்ளே வளரும். ரத்தம் வழியாக வந்தது கல்லீரலின் *உள்ளே* போர்ட்டல் குழாய்களின் பக்கம் தொடங்கும். அடுத்த முறை கல்லீரலை மேலே பார்த்து எண்ணாமல், இடைவெளி விட்டு வரிசையாகச் சீவிப் பாருங்கள். உறைக்கு மேலேயே நிற்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி கை. சீக்கத்தை வெளியே எடுத்ததும் வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த காஸ் துணி மேல் வையுங்கள், காய்ந்தால் சுவர் கிழியும். செல்லைக் குளிர்ந்த மேட்ரிஜெல் என்ற புரதக் கூழில் கலந்தால் உடம்புச் சூட்டில் உறைந்து நிற்கும், கசிவு குறையும். 30 கேஜ் ஊசி, துளை மேல் பார்த்தபடி, சுவருக்கு ஏறக்குறைய இணையாக. 20 மைக்ரோலிட்டருக்கு மேல் வேண்டாம். சரியாகப் போனால் சுவரில் கொப்புளம் மாதிரி வெளிறிய ஒரு மேடு எழும்பும், அதன் மேல் ரத்தக்குழாய் தெளிவாகத் தெரியும். மேடு எழும்பவில்லை என்றால் ஊசி உள்ளே துளைத்துக் குடலுக்குள் போய்விட்டது. ஊசியை உடனே உருவாதீர்கள், ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள், எடுத்ததும் பஞ்சு முனையால் அழுத்துங்கள்.

கற்றுக்கொள்ள உயிருள்ள எலி வேண்டாம். மற்ற ஆய்வுகளில் முடிந்துபோன எலிகளின் உடல் எங்களிடம் எப்போதும் இருக்கும். உங்கள் அனிமல் ஹவுஸிலும் இருக்கும், கேளுங்கள். மேட்ரிஜெல்லில் நீலச் சாயம் கலந்து அதில் போட்டுப் பழகுங்கள். கசிந்தால் காஸ் நீலமாகும். பத்தில் ஒன்பது சுத்தமாக வரும் வரை உயிருள்ளதைத் தொடக்கூடாது என்று எங்கள் இடத்தில் நானே விதி வைத்திருக்கிறேன்.

கமிட்டிக்கு எழுதும்போது எலியை எப்போது நிறுத்துவீர்கள் என்று முதலிலேயே எழுதுங்கள். எடை 20 சதவீதம் குறைந்தால், வயிறு நீர் கோத்தால், முதுகைக் கூனிக்கொண்டு ஓரத்தில் ஒடுங்கினால், அன்றே. கணக்கு முடிய இன்னும் மூன்று நாள் என்று எலியை வைத்திருக்கக்கூடாது. அதுவும் வலிக்கும் உயிர்.

#11 நுண்குடல்

கூண்டுக்காரர் சார் சொன்னதோடு ஒன்று: லூசிஃபெரேஸ் (ஒளி வரவைக்கும் என்சைம்) போட்ட செல்லாக இருந்தால் ஊசி போட்ட மறுநாளே படம் எடுங்கள். ஒளி ஒரே புள்ளியில் நின்றால் சரி. வயிறு முழுக்கப் பரந்து தெரிந்தால் அந்த எலியை அன்றைக்கே விலக்குங்கள். மூன்று வாரம் கழித்து முடிவைப் பார்த்துவிட்டு விலக்குவது வேறு, அது கூடாது. ஆனால் லூசிஃபெரேஸையே அந்நியமாகக் கண்டு, சிடி26-க்குச் சொந்த இனமான பால்ப்-சி எலியின் நோயெதிர்ப்பு தாக்கலாம். அதனால் லூசிஃபெரேஸ் இல்லாத செல்லிலும் ஒரு சிறு குழு வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு பிரச்சினை என்றால் ஜீப்ரா மீனையும் யோசியுங்கள். லிஸ்பனில் 2017-ல் பெருங்குடல் புற்றுச் செல்களை இரண்டு நாள் வயதான மீன் குஞ்சுகளில் வைத்து நாலே நாளில் மருந்துக்கு எப்படி நடந்துகொள்கின்றன, எங்கே பரவுகின்றன என்று பார்த்தார்கள். உடம்பு கண்ணாடி மாதிரி, ஒவ்வொரு செல்லும் தெரியும்.

#12 மருதன்

மீன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. ஒரே வாரத்தில் இருபது நிலைமைகளைச் சலித்தெடுக்க அது பிரமாதம். ஆனால் மீனுக்குப் பிடித்தது 28 டிகிரி, நம் செல்லுக்கு 37. நடுவில் 34-ல் இரண்டையும் சமாளிக்கிறோம். தகவமைந்த நோயெதிர்ப்பு அந்த வயதில் வரவில்லை. முக்கியமாக, குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரல் என்கிற அந்தப் பாதையை அந்தச் சோதனை பார்ப்பதில்லை. இவர் கேள்வியே அந்தப் பாதைதான்.

செங்காந்தள், என் யோசனை: சீக்க ஊசி முதன்மை. மண்ணீரல் ஊசியை ஒப்பீட்டுக்கு வையுங்கள், உங்கள் கைடும் சந்தோஷப்படுவார். புரதம் வெளியேறும் படியில் மட்டும் வேலை செய்தால், சீக்கத்தில் வித்தியாசம் தெரியும், மண்ணீரலில் தெரியாது. இரண்டிலும் தெரிந்தால் உங்கள் கருத்து தவறு, கல்லீரலில் முளைப்பதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பதில்.

சிடி26-ல் கேராஸ் கெட்டிருக்கிறது, ஆனால் ஏபிசி கெடவில்லை என்பதைக் கட்டுரையில் ஒளிக்காமல் எழுதுங்கள். அது பால்ப்-சி எலிக்கு வேதிப்பொருள் கொடுத்து வரவழைத்த கட்டியின் வாரிசு, எந்த நோயாளியும் அதைச் சுமந்ததில்லை.

#13 தறிக்குழி

கல்லீரல் சர்ஜன் ஸ்கேனைப் பார்த்தார். இன்னும் நாலு கீமோ முடிந்ததும் மறுபடி ஸ்கேன், சுருங்கினால் எடுக்கலாம் என்றார். கேராஸ் முடிவு வந்திருக்கிறது, ஹெர்2 இன்னும் வரவில்லை. எல்லோருக்கும் நன்றி.

#14 செங்காந்தள்

தறிக்குழி அண்ணா, இதைப் படித்ததும் எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் சொன்னேன். நல்லபடியாக நடக்கட்டும்.

கமிட்டியில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. சீக்கமும் மண்ணீரலும், இரண்டு குழு. நிறுத்தும் அளவுகோலைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள், கூண்டுக்காரர் சார் எழுதியதை ஏறக்குறைய அப்படியே சொன்னேன்.

சாயப் பயிற்சி முதல் நாள் எட்டு உடலில் ஐந்தில் காஸ் நீலமானது. ஊசியை நான் செங்குத்தாகப் பிடிக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நேற்று எட்டில் ஒன்றுதான். கொப்புளம் எழும்போது மேலே இருக்கும் சின்ன ரத்தக்குழாய் நகராமல் தெளிவாக நின்றது, சார் சொன்ன மாதிரியே. நாளையும் மறுநாளும் இன்னும் பத்து உடல்கள் ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.